காலை இட்லி ராத்திரி வாந்தியில் வந்தால்: அம்மாவுக்குச் செய்த ஜி-போயம் சிகிச்சை

காலையில் சாப்பிட்ட இட்லி ராத்திரி வாந்தியில் இட்லியாகவே வருகிறது என்றால், அதை அஜீரணம் என்று தள்ளிவிடாதீர்கள். ராமேஸ்வரம் தீவில் இருக்கிற எங்கள் தங்கச்சிமடத்துத் தெருவில் சர்க்கரை மாத்திரை போடாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சர்க்கரை உள்ள வீட்டுப் பெரியவர்கள் யாராவது "ரெண்டு வாய் வச்சாலே வயிறு நெறஞ்சிருது" என்றால், வயசாகிவிட்டது, கேஸ் பிடித்திருக்கிறது, பித்தம் ஏறியிருக்கிறது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். என் அம்மாவுக்கும் வெகுகாலம் அப்படித்தான் போனது. அவருக்கு இருந்தது இரைப்பைத் தளர்ச்சி. டாக்டர்கள் கேஸ்ட்ரோபரேசிஸ் என்கிறார்கள். கடைசியில் சென்னையில் ஜி-போயம் என்கிற, வாய்வழியாகக் கேமராக் குழாய் விட்டுச் செய்கிற என்டோஸ்கோப்பி சிகிச்சை செய்தோம். இதே தொல்லையோடு அலைகிற குடும்பங்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அம்மா கருவாட்டு வியாபாரம் செய்கிறவர். நெத்திலியும் வாளையும் காரப்பொடியும் காயப்போடுவது, புரட்டுவது, சந்தைக்கு மூட்டை கட்டுவது எல்லாம் வெயில் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடும். சாப்பாட்டுக்கு நேரம் காலம் கிடையாது. இன்சுலின் ஊசிக்கு மட்டும் நேரம் உண்டு. சர்க்கரை வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதலில் பசி குறைந்தது. அப்புறம் குமட்டல். "வயிறு கனத்துக் கெடக்கு தாயி, எறங்கவே மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே தட்டைத் தள்ளிவைப்பார். சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டார்.

சின்னம்மா, இது தொக்கம்தான் என்று அடித்துச் சொன்னார். எங்கள் பக்கம் தொக்கம் எடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வயிற்றை நீவி அமுக்கிவிட்டு, சிக்கிக்கிடந்த சோற்றையோ முடியையோ வெளியே எடுத்ததாகக் காட்டுவார்கள். சாப்பாடு வயிற்றில் நின்றுவிடுகிறது என்று ஊர் கண்டுபிடித்தது என்னவோ சரிதான். ஆனால் நிரம்பி நிற்கிற வயிற்றை அமுக்கினால் வாந்தி மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். சர்க்கரை உள்ள வயசானவர்களுக்கு அது நிமோனியாவில் கொண்டுபோய் விடும். அதனால் இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை: திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறவர்களைத் தொக்கம் எடுக்கக் கூட்டிப்போகாதீர்கள்.

டாக்டர்களிடமும் ஆரம்பத்தில் கேஸ் மாத்திரைதான் கிடைத்தது. அவசரத்தில் பார்க்கிறவர்களிடம் "வாந்தி வருது, பசியில்ல" என்று சொன்னால் அதைத்தான் எழுதுவார்கள். நிலைமையை மாற்றியது ஒரு நோட்டு. அம்மாவின் கருவாட்டுக் கடன் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், சாப்பிட்ட நேரம், என்ன சாப்பிட்டார், ஊசி போட்ட நேரம், சர்க்கரை அளவு, வாந்தி வந்த நேரம், வாந்தியில் என்ன இருந்தது என்று எழுத ஆரம்பித்தேன். வாந்தியை உற்றுப் பார்த்து எழுதுவது சங்கடமான வேலைதான். செய்யத்தான் வேண்டும். ஒரு நாள் பக்கம் இப்படி இருக்கும்:

காலை 7:45 ஊசி. 8:00 இட்லி 2, சாம்பார். 9:30 வேர்வை, கை நடுக்கம், சர்க்கரை 58, சீனித் தண்ணீர் கொடுத்தேன். மதியம் இரண்டு வாய் சோறு, போதும் என்றார். இரவு 9:15 வாந்தி. இட்லித் துண்டு, தக்காளித் தோல். 10:00 சர்க்கரை 310.

மதுரையில் பார்த்த குடல் நோய் டாக்டர் இந்தப் பக்கத்தைத்தான் முதலில் படித்தார். தக்காளித் தோல் என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இது மதியம் சாப்பிட்டதா, காலையிலா?" என்று கேட்டார். காலை சாம்பாரில் மட்டும்தான் தக்காளி போட்டேன் என்றேன். அந்த 58-ஐயும் 310-ஐயும் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு விளக்கினார். ஊசி நேரத்துக்கு வேலை செய்துவிடுகிறது. சாப்பாடு இரைப்பையிலேயே கிடப்பதால் ரத்தத்தில் சர்க்கரை ஏறவில்லை. அதனால் முதலில் தாழ்ந்துபோகிறது. பிறகு சாப்பாடு மெல்ல இறங்கும் நேரத்தில் ஊசியின் வேகம் தீர்ந்திருக்கும். அப்போது சர்க்கரை எகிறுகிறது. ஏறிய சர்க்கரை இரைப்பையை இன்னும் மந்தமாக்கும். ஒன்றை ஒன்று பிடித்து இழுக்கிற சுற்று இது. சாப்பாட்டுக்கு முன் போட்டுவந்த ஊசியைச் சாப்பிட்ட பிறகு போடும்படி அன்றைக்கே மாற்றிக் கொடுத்தார். காலையில் வருகிற மயக்கம் அதிலேயே பெருமளவு குறைந்தது. இதைப் படித்துவிட்டு நீங்களாக நேரத்தை மாற்றிவிடாதீர்கள். எந்த வகை இன்சுலின் என்பதைப் பொறுத்து அது மாறும்.

இரைப்பைக்குள் என்ன நடக்கிறது என்பதை எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் கண்மாயை எல்லோருக்கும் தெரியும். இரைப்பையும் ஒரே ஒரு மடை வைத்த கண்மாய்தான். அந்த மடை, இரைப்பையின் அடியில் இருக்கிற பைலோரஸ் என்னும் வளையத் தசை. இரைப்பை பிசைந்து அரைத்துத் தள்ளும். பைலோரஸ் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு விடும். நாள்பட்ட சர்க்கரையில், இரைப்பையை இயக்குகிற வேகஸ் நரம்பு கெட்டுப்போனால் தள்ளுகிற பலம் குறையும். சிலருக்கு மடையும் இறுகிப்போய்த் திறக்க மறுக்கும். ஜி-போயம் இந்த மடையை மட்டும்தான் திறக்கிறது. இரைப்பையின் பலத்தை அது திருப்பிக் கொடுப்பதில்லை. சிகிச்சைக்குப் போகிறவர்கள் மனதில் இருத்த வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். ஆபரேஷன் ஆகிவிட்டது, இனி என்ன வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

முதலில் சாதாரண என்டோஸ்கோப்பி செய்தார்கள். ராத்திரி முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் போயும் இரைப்பையில் பழைய சோறு கிடந்தது. புண், கட்டி, அடைப்பு எதுவும் இல்லை. அடைப்பு இல்லை என்று உறுதிசெய்யாமல் இந்த நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. புற்றுநோய்க் கட்டி மறித்தாலும் வாந்தி இப்படித்தான் வரும்.

அடுத்தது, இரைப்பை எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்று பார்க்கிற கேஸ்ட்ரிக் எம்ப்டியிங் ஸ்கேன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டெக்னீசியம் என்னும் கதிரியக்கப் பொருளை மிகக் குறைந்த அளவில் முட்டை வெள்ளைக்கருவில் கலந்து வேகவைத்து, ரொட்டியோடும் ஜாமோடும் தண்ணீரோடும் கொடுப்பார்கள். சாப்பிட்டவுடன், 1 மணி, 2 மணி, 4 மணி நேரத்தில் படம் எடுப்பார்கள். நாலாவது மணி நேரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வயிற்றில் மீதி இருந்தால் தாமதம் என்று அர்த்தம். அம்மாவுக்குப் பாதிக்கு மேல் அப்படியே நின்றது. சில இடங்களில் இரண்டு மணி நேரத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். நாலு மணி நேரம்தான் சரியான கணக்கு. பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். வயிற்றின் வேகத்தைக் கூட்டுகிற, குறைக்கிற மாத்திரைகளை இரண்டு மூன்று நாளுக்கு முன்பே டாக்டர் சொல்படி நிறுத்த வேண்டும். அன்றைக்குச் சர்க்கரை 275-க்கு மேல் இருந்தால் ஸ்கேனைத் தள்ளிவைப்பது நல்லது. ஏறிய சர்க்கரையே தாமதத்தைக் காட்டிவிடும். இரண்டு வாய்க்கு மேல் இறங்காத ஆளுக்குப் பத்து நிமிஷத்தில் அந்தச் சாப்பாட்டை முடிப்பது பெரும்பாடு. பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே சாப்பிட வைத்தேன்.

மாத்திரை விஷயம் ஒன்று. அம்மா வெகுநாளாகப் போட்டுவந்த கேஸ் கேப்ஸ்யூலின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அமிலத்தைக் குறைக்கிற ரேபிபிரசோலோடு லெவோசல்பிரைடும் சேர்ந்திருந்தது. லெவோசல்பிரைடு வயிற்றைத் தூண்டுகிற மருந்துதான். நாள்பட வயசானவர்கள் எடுத்தால் கை நடுக்கமும் நடையில் தளர்வும் வரலாம். அம்மாவின் கை நடுக்கத்தைச் சர்க்கரை தாழ்ந்ததால் வந்தது என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். சர்க்கரை 140 இருக்கும்போதும் நடுங்கியது என்று நோட்டில் இருந்ததைப் பார்த்துத்தான் டாக்டர் அதை நிறுத்தினார். வாந்திக்குக் கொடுக்கிற மெட்டோகுளோப்ரமைடுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. வாய், நாக்கு தானாக அசைகிற நிரந்தரக் கோளாறு வரலாம் என்று 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் அட்டையிலேயே கடும் எச்சரிக்கை போடவைத்தது; 12 வாரத்துக்கு மேல் வேண்டாம் என்றது. அதே வேலைக்குக் கொடுக்கிற டோம்பெரிடோன் என்றால், இதயத் துடிப்புக்காக முதலில் ஈசிஜி பார்க்க வேண்டும். மருந்துக் கடையில் அட்டையைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிப் போடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, இந்த மருந்துகளில் அது ஆகாது. எடை குறையவும் சர்க்கரைக்கும் போடுகிற செமாகுளூடைடு போன்ற ஊசிகளும் வயிற்றை மெதுவாக்கும். அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாத்திரையிலும் பத்தியச் சாப்பாட்டிலும் போதிய பலன் இல்லாமல், எடை இறங்கிக்கொண்டே போனபோதுதான் ஜி-போயம் பேச்சு வந்தது. உணவுக்குழாயின் கீழ்த்தசை இறுகிப்போகிற அகலேசியா நோய்க்கு, வாய்வழியாகவே போய்த் தசையை வெட்டுகிற போயம் முறையை ஜப்பானில் ஹருஹிரோ இனோவே 2008-இல் தொடங்கினார். அதே நுட்பத்தைப் பைலோரஸுக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு. 2013-இல் முதன்முதலாகச் செய்தார்கள். தசையைத் தளர்த்துகிற போடாக்ஸ் ஊசியைப் பைலோரஸில் போட்டால் போதாதா என்று தம்பி கேட்டான். ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் மருந்தில்லாத பொய் ஊசியைவிட அதற்குப் பலன் தெரியவில்லை என்றார் டாக்டர்.

பலன் எவ்வளவு என்று நேராகவே கேட்டேன். அவர் மழுப்பவில்லை. செக் நாட்டின் பிராகில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில் 41 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு உண்மையான சிகிச்சையும் மற்றவர்களுக்கு மயக்கம் கொடுத்து என்டோஸ்கோப்பி மட்டும் செய்து வெட்டாமலும் விட்டார்கள். ஆறு மாதம் கழித்து, வெட்டியவர்களில் 71 சதவீதம் பேருக்குத் தொல்லை பாதியாவது குறைந்திருந்தது. வெட்டாதவர்களில் 22 சதவீதம். சர்க்கரையால் வந்தவர்களுக்கு இன்னும் நல்ல பலன். அப்படியானால் எல்லோருக்கும் கேட்கிற வைத்தியம் இல்லை இது. குமட்டல், வாந்தி, சீக்கிரம் வயிறு நிறைவது ஆகியவை முக்கியத் தொல்லையாக இருப்பவர்களுக்குக் கேட்கும் என்றும், வலியே பெரும் தொல்லையாக இருந்தால் அவ்வளவாகக் கேட்காது என்றும் சொன்னார். அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "வயித்தக் கிழிப்பாங்களா?" வெளியே ஒரு கீறல்கூட இருக்காது என்றதும் சரி என்றார்.

அப்போது பழைய பாம்பன் ரயில் பாலத்தில் ஓட்டம் நின்றுபோயிருந்த காலம். 2022 டிசம்பரில் நின்றது, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்த பிறகுதான் ரயில் தீவுக்குள் வந்தது. அதனால் மண்டபம் வரை காரில் போய், அங்கே ரயில் ஏறிச் சென்னை போனோம். ஏறும்போதே அம்மா நீர் ஆகாரத்தில்தான் இருந்தார். சாதாரண ஆபரேஷனுக்கு ஒரு ராத்திரி பட்டினி போதும். இந்த நோய்க்காரர்களுக்கு அது போதாது. அதற்கு முந்தைய ஒன்றிரண்டு நாளாவது இளநீர், வடித்த சூப் என்று தெளிவான நீர் ஆகாரத்தில் வைத்திருக்கச் சொல்வார்கள். வயிற்றில் சோறு கிடக்கும்போது மயக்கம் கொடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம். ஊசி அளவையும் அதற்கு ஏற்றபடி குறைத்துக் கொடுத்திருந்தார்கள். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை போடுகிறவர்கள் எதை எப்போது நிறுத்துவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முழு மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயில் குழாய் வைத்துச் செய்தார்கள். முடிந்த பிறகு டாக்டர் எங்களைக் கூப்பிட்டு வீடியோவைக் காட்டினார். பைலோரஸுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் முன்னால் இரைப்பையின் உள்தோலுக்கு அடியில் நீலச் சாயம் கலந்த நீரை ஏற்றித் தோலைப் புடைக்க வைக்கிறார்கள். அதில் சின்னதாக ஒரு வாய் திறந்து, தோலுக்கும் தசைக்கும் நடுவே சுரங்கம் போல வழி பண்ணிக்கொண்டு கேமரா போகிறது. சுற்றிலும் நீலம். சுரங்கத்தின் முடிவில் வெள்ளையாக, குறுக்கே வளைந்து ஒரு தசைக் கட்டு. மின்சாரக் கத்தியின் நுனி பட்டதும் இழை இழையாக விட்டுக்கொடுத்து இரண்டு பக்கமும் விலகுகிறது. பின்னால் வந்து, உள்ளே போன வாயைச் சின்னச் சின்னக் கிளிப்புகளால் வரிசையாகக் கவ்விப் பூட்டிவிட்டார்கள். அந்தக் கிளிப்புகள் நாளடைவில் தானாக விழுந்து மலத்தோடு போய்விடும். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேர வேலை.

கண்விழித்ததும் வயிறு உப்பியிருந்தது. உள்ளே செலுத்திய வாயு கொஞ்சம் வயிற்றறைக்குள் கசிவது உண்டு என்றார்கள்; அது அடங்கிவிட்டது. மறுநாள் ஒரு மருந்தைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்து, கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான் தண்ணீர் கொடுத்தார்கள். ரத்தக்கசிவு, புண், அரிதாக ஓட்டை விழுவது ஆகியவை இதன் ஆபத்துகள். மலம் கறுத்துப் போவது, ரத்த வாந்தி, காய்ச்சல், விடாத வயிற்று வலி வந்தால் உடனே வர வேண்டும் என்றார்கள். ரத்தக்கசிவு சில நாள் கழித்தும் வரலாம். ஆகவே டிஸ்சார்ஜ் ஆனதும் ஊருக்கு ஓடிவராமல் சென்னையில் மாமா வீட்டில் தங்கினோம். தீவில் இருக்கிறவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும். ஆடி அமாவாசையோ தை அமாவாசையோ வந்துவிட்டால் பாலத்தைத் தாண்டி ராமநாதபுரம் போவதற்கே பாதிப் பொழுது ஓடிவிடும். தேதி குறிக்கும்போது காலண்டரையும் பாருங்கள்.

செலவில் கத்திக்கும் கிளிப்புக்கும் தனியாகப் பில் வருகிறது. அதைச் சேர்த்துத்தான் தொகை சொல்கிறார்களா என்று முன்னாலேயே கேளுங்கள். காப்பீடு இருந்தால், இந்தச் சிகிச்சையின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

இனி அடுப்படி. சிகிச்சைக்கு முன்பும் பின்பும் என் பாடு அதிகமும் இங்கேதான். நீர் ஆகாரம் சுலபமாக இறங்கும், கெட்டிச் சாப்பாடு நிற்கும். எண்ணெயும் கொழுப்பும் நார்ச்சத்தும் இன்னும் மெதுவாக்கும். முதலில் நீர் ஆகாரம், அப்புறம் சில வாரம் மசித்தது என்று ஏற்றினோம். புண் ஆறுவதற்கு அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையும் கூடவே. குழைய வடித்த சோறு, வடிகட்டிய ரசம், நன்றாக மசித்த இட்லி. மீன் இல்லாமல் அம்மாவுக்கு ஒரு வாய் இறங்காது. காய்ச்சல்காரர்களுக்கு நம் பக்கம் கொடுக்கிற கிழங்கான் மீன்தான் கைகொடுத்தது. ஆவியில் வேகவைத்து, முள் எடுத்து, முள்கரண்டியால் மசித்துச் சோற்றோடு பிசைந்து கொடுப்பேன். சாளை எண்ணெய் மீன், வேண்டாம். கணவாய் எவ்வளவு மென்றாலும் துண்டாகவே போகும், அதுவும் வேண்டாம். முருங்கைக்கீரையின் காம்பு, தேங்காய்ச் சில்லு, ஆரஞ்சுச் சுளைத் தோல் எல்லாம் நிறுத்தம். பொங்கல் நேரத்தில் வீட்டு முற்றம் நிறையப் பனங்கிழங்கு அவித்துக் கிடக்கும்போது அம்மாவைத் தடுப்பதுதான் கஷ்டம். அதன் நார் மந்தமான இரைப்பையில் திரண்டு கட்டியாகி அடைத்துக்கொள்ளும். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு அவர் எதிரில் சாப்பிடாதீர்கள் என்று சொல்லிவைத்தேன்.

மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்து ஆறாகப் பிரித்தோம். சாயங்காலத்துக்கு மேல் நீர் ஆகாரம்தான். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. கடற்கரை வரை மெதுவாக நடந்துவிட்டு வருவார். இன்னொன்று, யாரும் சொல்லாதது: பல். அம்மாவுக்குக் கடைவாய்ப் பற்கள் விழுந்து வெகுநாள் ஆகியிருந்தது. அரைக்காமல் விழுங்கினால் அரைக்கிற வேலை முழுதும் இரைப்பையின் தலையில்தான் விழும். பல்செட் கட்டினோம். அதற்குப் பிறகு சோறு இறங்குவதில் தெரிந்த வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்தேன்.

மடை திறந்த பிறகு சாப்பாடு முன்பைவிட வேகமாகக் குடலுக்குப் போகிறது. அதனால் இன்சுலின் கணக்கை மறுபடி மாற்ற வேண்டியிருந்தது. பழைய நேரத்திலேயே போட்டிருந்தால் சாப்பிட்டவுடன் சர்க்கரை ஏறியிருக்கும். முதல் மாதங்களில் அடிக்கடி விரலில் குத்திப் பாருங்கள். ஒரு காலையில் கஞ்சியை மடமடவென்று குடித்துவிட்டு அம்மாவுக்குப் படபடப்பு, வேர்வை, அப்புறம் பேதி. சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று தம்பி சீனியைத் தேடி ஓடினான். மீட்டரில் 190. சாப்பாடு சட்டென்று குடலுக்குள் கொட்டினால் இப்படி வருமாம், டம்பிங் என்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, இனிப்பு இல்லாமல் குடித்தால் அடங்கிவிடுகிறது. மீட்டரைப் பார்க்காமல் சீனி கொடுக்காதீர்கள்.

இப்போது அம்மாவுக்கு வாந்தி எப்போதாவதுதான். எடை ஏறியிருக்கிறது, மறுபடி கருவாட்டு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார். குமட்டல் முழுதாகப் போகவில்லை. சர்க்கரை ஏறுகிற வாரங்களில் தலைகாட்டுகிறது. மறுபடி எடுத்த ஸ்கேனில் மீதி குறைந்திருந்தாலும் சாதாரண அளவுக்கு வரவில்லை. அவர் சாப்பிடுகிறாரா, வாந்தி நின்றதா என்பதைத்தான் பார்க்க வேண்டும், ஸ்கேன் எண்ணைப் பிடித்துக்கொண்டு கவலைப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அடுத்து அவருக்குக் கண்புரை ஆபரேஷன் இருக்கிறது. கண்ணுக்கு மட்டும் மரத்துப்போகிற மருந்தோடு முடிகிற வேலைதான். ஆனாலும் இரைப்பை மெதுவாகக் காலியாகிற நோய் இருக்கிறது, ஜி-போயம் செய்திருக்கிறது என்று மருந்துச் சீட்டின் மேலேயே எழுதி வாங்கிவிட்டோம். பல்லோ கண்ணோ காலோ, மயக்க ஊசி எதற்குப் போட்டாலும் அந்த டாக்டருக்கு இது முன்னாலேயே தெரிந்தாக வேண்டும்.